பூனைக்கு வீணை கொடுக்கும் முன்

போன மார்கழியில் தினம் ஒரு படம் வரைவது என்று உட்கார்ந்தேன். ஒரு விலங்கு, ஒரு வாத்தியம், தபால் அட்டை அளவுத் தாள், வாட்டர்கலர். சபாக்களில் கச்சேரி களைகட்டும் மாதம் என்பதால் வாத்தியத்துக்குப் பஞ்சமில்லை. முதல் நாள், வீணை வாசிக்கும் பூனை. வீணை கற்றுக்கொள்ளும் அக்கா மகளிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் பூனையின் மீசையைக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் பூனைக்கு இடதுகைப் பழக்கமா சித்தி?" என்றாள்.

நான் பார்த்து வரைந்த புகைப்படம் இடவலமாகத் திரும்பியிருந்தது. முன்பக்கக் கேமராவில் எடுத்த படங்கள் பலவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. வீணையின் பெரிய உருண்டைப் பகுதியான குடம் வாசிப்பவரின் வலப்பக்கம் இருக்கும். மறுபக்கம் உள்ள சுரைக்காய் இடது தொடைமேல் இருக்கும். வலது கை மீட்டும், இடது கை, தந்திகளுக்கு அடியில் வரிசையாக இருக்கும் மெட்டுகளின் மேல் ஓடும். பார்த்து வரையும் படத்தில் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

வேடிக்கைப் படம்தானே என்று வாத்தியத்தை ஏனோதானோவென்று போடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. பூனை வீணை வாசிப்பது பொய். அந்தப் பொய் எடுபட வேண்டுமானால் வீணை நிஜமாக இருக்க வேண்டும். இரண்டுமே பொய்யாகிவிட்டால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

இன்றைய ஈராக்கில் 'ஊர்' என்றே ஒரு பழைய நகரம் இருந்தது. அங்குள்ள அரச கல்லறைகளில் தொல்லியலாளர் லெனார்ட் வூல்லி தோண்டியெடுத்த காளைத்தலை யாழ் ஒன்று இப்போது பிலடெல்பியாவின் பென் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது சுமார் 4,500 ஆண்டுகள். அதன் முகப்பில் சிப்பியில் செதுக்கிப் பதித்த படத்தில் ஒரு கழுதை யாழ் வாசிக்கிறது, ஒரு கரடி அந்த யாழைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கழுதை வாசிப்பதும் அதே மாதிரிக் காளைத்தலை யாழைத்தான்! செய்தவர் தன் கையில் இருந்த வாத்தியத்தையே பார்த்துச் செதுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்காக வீணையின் 24 மெட்டுகளையும் அஞ்சலட்டைக்குள் அடைக்க வேண்டியதில்லை. அடைத்தால் சீப்பு மாதிரி ஆகிவிடும். எண்ணிக்கையில் சலுகை எடுத்துக்கொள்ளலாம், பிடிக்கும் விதத்தில் கூடாது. கர்நாடகக் கச்சேரியில் வயலின் தாடைக்கு அடியில் இருக்காது. சப்பணமிட்டு உட்கார்ந்து, அதன் சுருள் நுனியை வலது பாதத்தில் ஊன்றி வாசிப்பார்கள். தவிலுக்கு ஒரு கையில் குச்சி, மறு கை விரல்களில் தொப்பி போன்ற கூடு. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பு வட்டம் தெரிய வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால், நரிக்கு மூக்குக் கொஞ்சம் கோணலானால்கூட யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்த தவறும் நான் செய்ததுதான். நாதஸ்வரம் வாசிக்கும் யானைக்கு மனிதக் கை போட்டேன். பார்த்தால் யானை முகமூடி மாட்டிய மனிதர் போல இருந்தது. விலங்குக்கு விரலைக் கொடுத்த நிமிடத்திலேயே அது விலங்காக இருப்பது நின்றுவிடுகிறது. சரி, விரல் இல்லாமல் எப்படி வாசிக்கும்? யோசிக்க வேண்டியது அங்கேதான். நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. ஆசிய யானையின் துதிக்கை நுனியில் விரல் போன்ற முனை ஒன்றே ஒன்று (ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு). ஆக, யானை ஊதலாம், துளைகளை மூட ஆள் வேண்டும். மறுபடி வரைந்தபோது குழல்மேல் நான்கு அணில்கள் ஏறி உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு துளைகளைப் பார்த்துக்கொண்டன. கடைசி அணிலுக்கு ஒரு கை சும்மா இருந்தது, அதில் ஒரு கொய்யாப்பழம். அந்த மாதம் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

இதேபோல் வீணை வாசிப்பவர்களில் பலர் விரலில் கம்பி மாட்டி மீட்டுவார்கள். பூனைக்கு நகமே போதும். ஆட்டின் இரு குளம்புகளுக்கும் ஜால்ரா பொருந்தும். கஞ்சிராவை மட்டும் உடும்பிடம் கொடுத்துவிடாதீர்கள். பழைய கஞ்சிராக்களில் கட்டியது உடும்புத் தோல். தெரிந்தவர் பார்த்தால் சிரிக்கமாட்டார், திகைத்துப்போவார்.

முகபாவத்திலும் சோம்பல் வரும். எல்லா விலங்குக்கும் வாய் நிறையச் சிரிப்பு வைத்துவிடுவோம். கச்சேரியில் வாசிப்பவர் எப்போது அப்படிச் சிரித்தார்? கண்ணை மூடுவார், புருவத்தை ஏற்றுவார், பக்கவாத்தியக்காரரை ஓரக்கண்ணால் பார்ப்பார். மிருதங்க எருமை ஓரக்கண்ணால் வயலின் கொக்கைப் பார்க்கட்டும், போதும். தவளை நாதஸ்வரம் ஊதினால் கன்னத்தை உப்ப வைக்கத் தோன்றும். கத்தும் ஆண் தவளைக்குப் பொதுவாக உப்புவது தொண்டைக்கடியில் உள்ள பை. அதை உப்ப வைத்தால் படம் இன்னும் நன்றாக இருக்கும்.

வண்ணத்தில் சொல்ல இரண்டு மூன்றுதான். சார்ட் பேப்பர் வேண்டாம். ஈரம் பட்டால் சுருளும், தூரிகை பட்டுப் பட்டுத் திரி திரியாக உரியும். 300 ஜிஎஸ்எம் கனத் தாளைச் சின்னதாக வெட்டிக்கொண்டால் செலவு கட்டுப்படும். தந்திகளை முதலில் வரைந்துவிட்டு அவற்றைச் சுற்றி வண்ணம் தீட்டப் போராடாதீர்கள். எல்லாம் நன்றாகக் காய்ந்தபின், கடைசியில், வெள்ளை ஜெல் பேனாவால் ஒரே இழுப்பு. இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது என் வழக்கம். காக்கைக்குக் குப்பிக் கறுப்பை அப்படியே பூசினால் தாளில் ஓட்டை விழுந்தது போல இருக்கும். அடர்நீலத்தையும் பழுப்பையும் கலந்து பாருங்கள், இறகு இறகாகத் தெரியும்.

அப்புறம், 'தினம்' என்ற சொல். காலையில் எழுந்து இன்றைக்கு என்ன வரைவது என்று யோசிக்க ஆரம்பித்தால் பத்தாம் நாளே நின்றுவிடும். 2009-இல் ஓவியர் ஜேக் பார்க்கர் தொடங்கிய, அக்டோபர் முழுக்கத் தினம் ஒரு மைப் படம் வரையும் இங்க்டோபர் சவாலில் 31 நாளுக்கும் தலைப்புப் பட்டியல் முன்கூட்டியே வந்துவிடும். நாமும் விலங்குக்கு ஒரு பட்டியல், வாத்தியத்துக்கு ஒரு பட்டியல் எழுதிச் சீட்டுக் குலுக்கிக்கொள்ளலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு வரைந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், இரண்டும் கெட்டன, மூன்றாம் நாள் தூரிகையைத் தொடவே பிடிக்கவில்லை. விட்டது விட்டதுதான்.

களைத்து வரும் நாளுக்கென்று எளிதான ஜோடி ஒன்றைத் தனியே வைத்திருங்கள். என்னுடையது கடம் வாசிக்கும் ஆமை. பெரிய வட்டம் ஒன்று, சின்ன வட்டம் ஒன்று, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதையும் அக்கா மகளிடம் காட்டினேன். இந்தத் தடவை பிடித்திருந்த விதத்தில் குறை இல்லை. கடத்தின் வாய் வயிற்றோடு ஒட்டித்தான் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆமைக்கு வயிறும் ஓடுதானே சித்தி, அமுக்கினால் சத்தம் எப்படி மாறும்?"