டாக்டரிடம் போனால் செருப்பையும் கழற்றிக் காட்டுங்கள்

புது ஊரில் டாக்டரிடம் முதல் முறை போகும்போது, அவர் 'உடம்பில் புதிதாக மச்சம் வந்திருக்கிறதா, பழைய மச்சம் ஏதாவது மாறியிருக்கிறதா?' என்று கேட்கலாம். நம்மில் பலர் யோசிக்காமலே 'இல்லை' என்றுவிடுகிறோம். மாநிறத்தோலுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வராது என்று ஒரு நம்பிக்கை. குறைவாகத்தான் வரும், ஆனால் வரும். வந்தால் முற்றிய பிறகே தெரியவருவது அதிகம் என்பதுதான் என் கவலை.

வெட்டி எடுத்துவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. இப்போது சில இடங்களில் ஸ்டிக்கர் பரிசோதனை இருக்கிறது. மச்சத்தின் மேல் ஒட்டுப்பட்டையை ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்து, மச்சத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொண்டு உரித்தெடுப்பார்கள். இப்படி நாலு பட்டை. ஊசி, தையல், தழும்பு எதுவும் கிடையாது. பட்டையோடு வந்த செல்களில் 'பிரேம்', 'லிங்க் 00518' என்ற இரண்டு ஜீன்களின் நடமாட்டம் தெரிகிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். பரம்பரையாக வரும் ஜீனைத் தேடும் சோதனை இல்லை இது. அந்த மச்சத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும். இரண்டுமே தென்படாவிட்டால் மெலனோமாவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்று தென்பட்டாலும் அடுத்தது வெட்டியெடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான், நோயை உறுதிசெய்வதும் அதுதான். இன்சூரன்ஸ் இதற்குப் பணம் தருமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். உள்ளங்கை, உள்ளங்கால், நகம் ஆகிய இடங்களுக்கு இந்த ஸ்டிக்கர் ஆகாது. ரத்தம் கசியும் மச்சத்துக்கும் ஆகாது. ஆனால் கருத்த தோலில் மெலனோமா அதிகம் வருவதே வெயில் படாத அந்த இடங்களில்தான். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் கட்டைவிரல் நகத்துக்கடியில் மெலனோமாவைக் கண்டுபிடித்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

அதனால் சாக்ஸைக் கழற்றி, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே டாக்டருக்குக் காட்டுங்கள். நகங்களில் பழுப்புக் கோடுகள் நம் நிறத்தவருக்குச் சாதாரணமாகவே இருக்கும். ஒரே ஒரு நகத்தில் மட்டும் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, அந்தக் கறுப்பு நிறம் நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவினாலோ தோல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். 'அடிபட்ட ரத்தக்கட்டாக இருக்கும்' என்று டாக்டர் சொன்னால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர நுனிப்பக்கம் நகர்ந்துவிடும். ஓரிரு மாதம் கழித்தும் அதே இடத்தில் இருந்தால், அந்தப் படத்தோடு திரும்பப் போங்கள்.