டச்சு மௌனப் படம் பார்க்க உட்காரும்போது

முதலில் வேகத்தைச் சரிபாருங்கள். நொடிக்கு 18 பிரேம் ஓட வேண்டியதை 24-இல் ஓட்டினால், காதலன் கைவிட்ட துக்கத்தில் அழும் டச்சு நடிகை அன்னி போஸ் தானியம் கொத்தும் கோழி மாதிரி இருப்பார். எனக்கு முதல்முறை சிரிப்புதான் வந்தது. பிளேயரில் 0.75 வைத்ததும் அவர் கை நடுங்குவது தெரிந்தது.

அப்புறம் நிறம். கறுப்பு-வெள்ளைச் சுருளுக்குச் சாயம் ஏற்றியிருப்பார்கள்: பெரும்பாலும் நீலம் என்றால் இரவு, சிவப்பு என்றால் தீ.

1912-இல் மவுரிட்ஸ் பிங்கர் நெதர்லாந்தின் ஹார்லெமில் தொடங்கிய ஹாலந்தியா பட நிறுவனத்தின் படங்களில் ஆரம்பியுங்கள். அந்தக் காலத்துப் படங்களில் நிறைய அழிந்துபோயின. தப்பிய சுருளிலும் துண்டுகள் விட்டுப்போயிருக்கும். துரோகம் செய்தவன் திடீரென்று காணாமல்போனால் உங்கள் கவனக்குறைவு இல்லை. வில்லன் யாரென்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், மீசையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பின்னணி இசை எரிச்சலூட்டினால் ஒலியை நிறுத்திவிடுங்கள். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.