தேய்ந்த கல்வெட்டைப் படிக்கப் பக்கவாட்டு வெளிச்சம்

பழைய இடிபாடுகளில் எழுத்து தேய்ந்து வெறும் கல்லாகத் தெரிகிறதா? போன் டார்ச்சை நேராக அடிக்காமல், கல்லை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சம் மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகக் காட்டிவிடும். சாய்ந்த ஒளியில் அரை மில்லிமீட்டர் பள்ளத்திலும் நிழல் விழும். மழையும் காற்றும் தின்றது போக மிஞ்சிய உளித்தடம் அப்படியே எழும்பி வரும். ஒளி போகும் திசையிலேயே ஓடும் கோடுகள் மட்டும் மறையும், அதனால் மேலிருந்தும் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

பகலில் டார்ச் எடுபடாது. தரையில் கிடக்கும் கல்லுக்குக் காலை, மாலை வெயில் சரி. கிழக்குப் பார்த்த சுவருக்கோ உச்சிவேளைக்குச் சற்று முன்புதான்.

மேல்தோல் பொருக்காக உதிர்ந்த கல்லில் இது பலிக்காது. அதற்காகச் சாக்பீஸ், மாவு எதையும் தேய்த்துவிடாதீர்கள்.