மோரோவிண்டை மறுபடி எழுப்புவது: ஓபன்எம்டபிள்யூவில் மாட் போடும் முறை

2002-இல் பெதெஸ்டா வெளியிட்ட மோரோவிண்ட் ஆட்டத்தின் பிசி பதிப்போடு, அந்த உலகத்தையே திருத்தி எழுதும் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் என்ற கருவியும் சேர்ந்து வந்தது. அதை வைத்து மாட்களை, அதாவது ஆட்டத்தை மாற்றும் சேர்க்கைகளை, ரசிகர்கள் செய்யத் தொடங்கிய வேலை இன்னும் நிற்கவில்லை. புதிதாக வருபவரைக் குழப்புவதும் இதுவே. 2004-இல் எழுதிய குறிப்பு, 2012-இல் எழுதியது, போன மாதம் எழுதியது எல்லாம் தேடலில் ஒன்றாக வந்து விழும். மூன்றையும் கலந்து செய்தால் ஆட்டம் முதல் ஊரான செய்டா நீனிலேயே படுத்துவிடும்.

அதனால் எந்த மாட்டையும் இறக்கும் முன் எந்த எஞ்சின், அதாவது ஆட்டத்தை ஓட்டும் மென்பொருள், என்று முடிவு செய்துவிடுங்கள். வழிகள் இரண்டு. முதலாவது, பெதெஸ்டாவின் பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டு மோரோவிண்ட் கோட் பேட்ச், எம்ஜிஇ எக்ஸ்இ, எம்டபிள்யூஎஸ்இ (மாட்களுக்குக் கூடுதல் ஸ்கிரிப்ட் வசதி தருவது) என்ற மூன்று துணைக் கருவிகளையும் அதன்மேல் ஏற்றுவது. இரண்டாவது ஓபன்எம்டபிள்யூ. இது 2008-இல் தொடங்கி, அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்ட திறந்த மூல எஞ்சின். மூல ஆட்டத்திலிருந்து படம், ஒலி, வசனம் ஆகிய தரவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும், பழைய நிரலைத் தொடாது. ஒரு வழிக்கான கருவி மற்றதில் வேலை செய்யாது. மாட்டின் பக்கத்தில் எம்டபிள்யூஎஸ்இ தேவை என்று இருந்தால் ஓபன்எம்டபிள்யூக்காரர் அதை மறந்துவிடலாம். ஓபன்எம்டபிள்யூவின் லுவா ஸ்கிரிப்டில் எழுதிய மாட் பழைய எஞ்சினில் ஓடாது.

விளையாட்டு முறையையே மாற்றும் மாட்கள் எம்டபிள்யூஎஸ்இ பக்கம் அதிகம். அவைதான் வேண்டும் என்றால் அந்த வழியில் போங்கள். முதல்முறை ஆடுபவருக்கும், லினக்ஸ் அல்லது மேக் வைத்திருப்பவருக்கும் ஓபன்எம்டபிள்யூ போதும். 64 பிட் எஞ்சின் என்பதால் பெரிய மாட்களால் நினைவகம் முட்டி நிற்கும் தொல்லை குறைவு. இனிச் சொல்லப்போவதெல்லாம் ஓபன்எம்டபிள்யூவுக்கே.

அடித்தளம்

மூல ஆட்டம் கட்டாயம் வேண்டும். ஸ்டீம், கோக் (GOG) என்ற இணையக் கடைகள் இரண்டிலும் கிடைக்கும் கேம் ஆஃப் த இயர் பதிப்பை வாங்குங்கள். டிரைப்யூனல் (2002), பிளட்மூன் (2003) என்ற இரு விரிவாக்கங்களும் அதில் அடக்கம். பெரும்பாலான மாட்கள் இந்த இரண்டும் இருப்பதாக எண்ணிக்கொண்டே செய்யப்பட்டவை. லினக்ஸிலோ மேக்கிலோ கோக்கின் விண்டோஸ் இன்ஸ்டாலரைப் பிரிக்க இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற சிறு கருவி உண்டு. பிரித்ததும் கிடைக்கும் ‘டேட்டா ஃபைல்ஸ்’ ஃபோல்டர்தான் நமக்குத் தேவை.

ஓபன்எம்டபிள்யூவை நிறுவி முதல்முறை திறந்ததும் ஒரு விசார்ட் வரும். ஏற்கெனவே நிறுவிய ஆட்டத்தைப் பயன்படுத்து என்பதைத் தேர்ந்து, டேட்டா ஃபைல்ஸில் இருக்கும் மோரோவிண்டின் இஎஸ்எம் கோப்பை (ஆட்டத்தின் முதன்மைத் தரவுக் கோப்பு) காட்டுங்கள். பழைய அமைப்புகளை இம்போர்ட் செய்யவா என்று கேட்டால் சரி சொல்லுங்கள். மாட் பட்டியலையும் கொண்டுவரவா என்பதை மட்டும், பழைய நிறுவலில் ஏற்கெனவே மாட்கள் கிடந்தால், டிக் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய குப்பை புது வீட்டுக்குள் வந்துவிடும்.

இப்போது ஒரு மாட்கூட இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கி, சுங்க அலுவலகத்தைத் தாண்டி வெளியே வந்து, சேவ் செய்து, மூடித் திறந்து பாருங்கள். இது ஓடினால்தான் பின்னால் வரும் கோளாறு மாட்டினால் வந்ததென்று நிச்சயமாகச் சொல்ல முடியும்.

ஃபோல்டர் ஒழுங்கு

மாட் கோப்புகளை டேட்டா ஃபைல்ஸுக்குள் கொட்டுவது பழைய எஞ்சினின் பழக்கம். ஓபன்எம்டபிள்யூவில் அது வேண்டாம். தனியாக ஒரு மாட் ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் மாட் ஒன்றுக்கு ஓர் உள்ஃபோல்டர் வைத்து, அங்கே பிரித்துப் போடுங்கள். லாஞ்சரில் டேட்டா ஃபைல்ஸ் பகுதியில் டேட்டா டைரக்டரீஸ் என்ற தாவல் இருக்கும், ஒவ்வொரு ஃபோல்டரையும் அங்கே சேர்க்க வேண்டும். எஞ்சின் இவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்துப் பார்க்கும். இரண்டு ஃபோல்டரில் ஒரே பெயரில் படம் இருந்தால் பட்டியலில் கீழே இருப்பது வெல்லும். மாட் பிடிக்கவில்லையா, அந்த வரியை நீக்கினால் போதும். மூலக் கோப்பு எதுவும் மாறியிருக்காது.

தவறு அதிகம் நடக்கும் இடமும் இந்தத் தாவல்தான். பல மாட்கள் ‘00 கோர்’, ‘01 ஆப்ஷனல்’ என்று எண்ணிட்ட உள்ஃபோல்டர்களாக வருகின்றன. பட்டியலில் சேர்க்க வேண்டியது வெளி ஃபோல்டரை அல்ல, மெஷஸ் (உருவங்கள்), டெக்ஸ்சர்ஸ் (படங்கள்) என்ற ஃபோல்டர்களோ இஎஸ்பி (மாட்டின் தரவுக்) கோப்போ நேரடியாகக் கண்ணில் படும் உள்ஃபோல்டரை. ஒரு படி மேலே காட்டினால் பிழைச்செய்தி எதுவும் வராது, மாட் மட்டும் வேலை செய்யாது. ஒன்றுக்கொன்று மாற்றாகத் தரப்பட்ட ஆப்ஷனல்களை எல்லாம் சேர்ப்பதும் தவறு. எந்த எண் எதற்கு என்பது கூடவே வரும் ரீட்மீயில் இருக்கும்.

அடுத்த இரண்டு தாவல்களையும் மறக்க வேண்டாம். பிஎஸ்ஏ என்ற பொட்டலக் கோப்பு உள்ள மாட்டுக்கு ஆர்க்கைவ் தாவலில் அந்தக் கோப்பை டிக் செய்ய வேண்டும். இஎஸ்எம், இஎஸ்பி, ஓஎம்டபிள்யூ ஆட்ஆன் கோப்புகளை கன்டென்ட் தாவலில் டிக் செய்து வரிசைப்படுத்த வேண்டும். ஏதேனும் ஒரு கோப்புக்கு அருகில் எச்சரிக்கைக் குறி வந்தால், அது சார்ந்திருக்கும் கோப்பு இல்லை அல்லது அதற்குக் கீழே கிடக்கிறது என்று பொருள்.

எதை, எந்த வரிசையில்

முதல் ஆட்டத்துக்கு ஐந்தாறு மாட் போதும். நூற்றுக்கணக்கில் அடுக்கும் ஆசையை இரண்டாம் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்ச் ஃபார் பியூரிஸ்ட்ஸ். உடைந்த குவெஸ்ட் (ஆட்டத்தில் தரப்படும் பணி), தவறான வசனம், மிதக்கும் பாறை போன்றவற்றைத் திருத்தும், ஆட்டத்தின் குணத்தை மாற்றாது. பழைய குறிப்புகளில் மோரோவிண்ட் பேட்ச் ப்ராஜெக்ட் என்ற பெயர் தட்டுப்படும். அது இதற்கு முந்தைய தலைமுறை, இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். அடுத்து மோரோவிண்ட் ஆப்டிமைசேஷன் பேட்ச். 2002-இன் முப்பரிமாண உருவங்கள் பல தேவையில்லாத துண்டுகளாக உடைந்து கிடக்கும். இது அவற்றைச் சீர்செய்து வேகம் கூட்டும், ஓட்டைகளையும் அடைக்கும். உருவங்களை மாற்றும் வேறு மாட் எதுவானாலும் பட்டியலில் இதற்குக் கீழே வர வேண்டும்.

படங்களுக்கு இன்டெலிஜென்ட் டெக்ஸ்சர்ஸ் நல்ல தேர்வு. மூல ஓவியங்களையே கணினி உதவியால் பெரிதாக்கித் தருகிறது, ஆகவே ரெடோரான் குலத்தாரின் வீடு ரெடோரான் வீடாகவே இருக்கும். பத்துப் பேர் கைவண்ணத்தை ஒட்டுப்போட்டால் ஒரு சுவர் பளபளக்கும், பக்கத்துச் சுவர் மங்கும். செடியைச் சொடுக்கியதும் மூலிகை கைக்கு வர வேண்டுமானால் கிராஃபிக் ஹெர்பலிசம். ஓபன்எம்டபிள்யூ இதற்கான ஆதரவை உள்ளேயே வைத்திருக்கிறது. மாட்டிலிருந்து உருவங்கள் மட்டும் வேண்டும், அவை ஆப்டிமைசேஷன் பேட்சுக்குக் கீழே வர வேண்டும்.

கடைசியாக டாம்ரியல் ரீபில்ட். மூல ஆட்டம் வார்டன்ஃபெல் தீவோடு நின்றுவிட, மோரோவிண்ட் மாகாணத்தின் பெருநிலத்தை ரசிகர்கள் 2001-லிருந்து, அதாவது ஆட்டம் வெளிவரும் முன்பிருந்தே, ஊதியமில்லாமல் கட்டிவருகிறார்கள். ஃபயர்வாட்ச், நெக்ரோம், ஓல்ட் எபன்ஹார்ட் என்று முழு நகரங்கள், அவற்றுக்கான குவெஸ்ட்கள் எல்லாம் அதில் உண்டு. 2025-இல் வந்த வெளியீடு நார்ஸிஸ் நகரைச் சேர்த்தது. இதற்கு டாம்ரியல் டேட்டா என்ற பொதுக் கிடங்கை முதலில் நிறுவ வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்பாக இருப்பது முக்கியம். புது நிலத்துக்குப் பழைய கிடங்கைக் கொடுத்தால் உருவங்கள் காணாமல் போகும். கிடங்கோடு வரும் பிஎஸ்ஏ கோப்புகள் ஒவ்வொன்றையும் ஆர்க்கைவ் தாவலில் டிக் செய்யுங்கள். கன்டென்ட் வரிசை இது: மோரோவிண்ட், டிரைப்யூனல், பிளட்மூன், பேட்ச் ஃபார் பியூரிஸ்ட்ஸ், டாம்ரியல் டேட்டா, டாம்ரியல் ரீபில்டின் மெயின்லேண்ட், பிறகு இஎஸ்பிகள். மேப் 1, மேப் 2 என்று தனித்தனிக் கோப்பாகப் போடச் சொல்லும் குறிப்புகள் காலாவதியானவை.

உயிரினங்களும் புதையல்களும் எங்கே எது வரும் என்பதை ‘லெவல்டு லிஸ்ட்’ என்ற பட்டியல்கள் முடிவு செய்கின்றன. ஒரே பட்டியலை இரண்டு மாட் தொட்டால் கடைசியாக ஏறியது மட்டும் நிற்கும், மற்றதன் புதுப் பிராணிகள் வரவே வராது. டெல்டா பிளகின் என்ற கருவி உங்கள் வரிசையை ஓபன்எம்டபிள்யூ அமைப்புக் கோப்பிலிருந்தே படித்து, எல்லாவற்றையும் கலந்து ஒரே கோப்பாகத் தரும். அதை வரிசையின் கடைசியில் வையுங்கள். மாட் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மறுபடி ஓட்ட வேண்டும்.

விரிவாக்கங்கள் வந்தபின் வெளியான பழைய இஎஸ்பிகள் சிலவற்றில், செய்தவர் தொடாத 72 விளையாட்டு மாறிகள் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டின் கோளாறால் ஒட்டிக்கொண்டிருக்கும். டெஸ்3கமாண்ட் கருவியின் ‘கிளீன்’ கட்டளை அவற்றை உரித்தெடுக்கும். இன்றும் பராமரிக்கப்படும் மாட்களுக்கு இது தேவைப்படாது.

தூரப் பார்வை

லாஞ்சரின் செட்டிங்ஸில் விஷுவல்ஸ் பகுதியில் டிஸ்டன்ட் லேண்ட் என்பதை டிக் செய்யுங்கள். இயல்பான பார்வைத் தூரம் 7,168 அலகு. நிலம் செல் என்ற சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒரு செல்லின் பக்கம் 8,192 அலகு, ஆகவே ஒரு செல்கூட முழுதாகத் தெரிவதில்லை. முதலில் 4 செல் வைத்து, பல்மோரா போன்ற நெருக்கமான ஊரில் நடந்து பாருங்கள். தடங்கல் இல்லையென்றால் ஏற்றலாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் 3 செல்லோடு நிழல்களை அணைத்துவிடுவது நல்லது. தூரத்தை எல்லை மீறி ஏற்றினால் வேகம் மட்டுமா போகிறது? மூடுபனியால் பெரிதாகத் தோன்றிய தீவு, கைக்கடக்கமானது என்று தெரிந்துவிடும். 6 செல்லுக்கு மேல் அழகு கூடுவதில்லை.

புல் மாட் போடுவதானால் அதன் இஎஸ்பியை கன்டென்ட் தாவலில் டிக் செய்யவே கூடாது. செய்தால் ஒவ்வொரு புல் கொத்தும் தனிப் பொருளாகி வேகம் சரியும். அமைப்புக் கோப்பில் (openmw.cfg) கிரவுண்ட்கவர் (groundcover) என்ற தனி வரியாக எழுதி, செட்டிங்ஸ் கோப்பில் (settings.cfg) அதே பெயருள்ள பகுதியை இயக்க வேண்டும்.

கோளாறும் காரணமும்

பளிச்சென்ற ரோஜா நிறத்தில் சுவர் தெரிந்தால் படம் கிடைக்கவில்லை. பொருள் இருக்க வேண்டிய இடத்தில் ஆச்சரியக்குறி நின்றால் உருவம் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் டிக் செய்யாத பிஎஸ்ஏ அல்லது ஒரு படி தவறிய ஃபோல்டர். விண்டோஸில் டாக்குமென்ட்ஸ், மை கேம்ஸ், ஓபன்எம்டபிள்யூ என்று போனால் லாக் கோப்பு இருக்கும். அதில் ‘மார்க்கர் எரர்’ (marker_error) என்று தேடினால் எந்தக் கோப்பு காணவில்லை என்று பாதையோடு சொல்லும்.

கவசமோ பாறையோ பிளாஸ்டிக் தாள் சுற்றியதுபோல் இருட்டிலும் மின்னினால், பழைய எஞ்சினுக்குச் செய்த பம்ப் மேப் (மேடுபள்ளம் காட்டும் படம்) அது. ஷேடர்ஸ் பகுதியில் பம்ப்/ரிஃப்ளெக்ட் மேப் லோக்கல் லைட்டிங்கை டிக் செய்தால் அடங்கும். ஆட்கள் வாசலில் சிக்கி வழியை மறித்தால் கட்டளை தட்டும் பெட்டியான கன்சோலில் ‘ரீசெட் ஆக்டர்ஸ்’ (ResetActors) கட்டளை அவர்களைப் பழைய இடத்துக்கு அனுப்பும்.

கோளாறே அல்லாத ஒன்றுக்கு மாட் தேடுபவர்கள்தான் அதிகம்: வாள் எதிரியின் மேல் பட்டும் அடி விழவில்லை என்ற புகார். மோரோவிண்ட் உள்ளுக்குள் பகடை உருட்டுகிறது. ஆயுதத் திறன், அஜிலிட்டியில் (சுறுசுறுப்பு) ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் (அதிர்ஷ்டம்) பத்தில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கூட்டி, ஃபட்டீக் (உடல் தெம்பு) முழுதாக இருந்தால் 1.25-ஆலும், வற்றியிருந்தால் 0.75-ஆலும் பெருக்கினால் வருவதே அடி விழும் சதவீதம். எதிரி விலகும் திறன் இதிலிருந்து கழியும். லாங் பிளேடை (நீள வாள்) மேஜர், அதாவது முதன்மைத், திறனாக எடுத்த, போர் வகுப்பைச் சேர்ந்த ரெட்கார்டு இனத்தவருக்குத் திறன் 50. அஜிலிட்டி 40, லக் 40 என்றால் 77.5. அதே ஆள் ஓடி ஓடிக் களைத்து அடித்தால் 46.5. திறன் 5 மட்டுமே உள்ள ஆயுதத்தைக் களைப்போடு வீசினால் 12.75-தான். ஆகவே சுங்க அலுவலகத்தில் கிடைக்கும் குத்துவாளைப் பயிற்சியில்லாமல் வீசிவிட்டு ஆட்டத்தைத் திட்டாதீர்கள். மேஜர் திறனுக்கேற்ற ஆயுதம் வாங்குங்கள், சண்டைக்கு முன் ஓடுவதை நிறுத்தி நடங்கள். ‘எப்போதும் அடி விழும்’ மாட்கள் உண்டு. போட்டால் தொடக்கம் எளிதாகும், திறன் வளர்ப்பதற்கான காரணம் போய்விடும்.

டிரைப்யூனல் இருந்தால் தொடக்கத்திலேயே, நீங்கள் உறங்கும்போது, டார்க் பிரதர்ஹுட் (டிபி) கூட்டத்தின் கொலையாளி வருவான். அவன் கவசத்தை விற்றாலே ஆரம்ப வறுமை தீர்ந்து ஆட்டத்தின் சமநிலை குலையும். டிலேய்டு டிபி அட்டாக் போன்ற மாட் அதைத் தள்ளிப்போடும். புது ஆட்டம் தொடங்கும் முன்பே இதைப் போட வேண்டும்.

சேவ் நடுவே படங்களை மாற்றுவதால் ஆபத்தில்லை. கன்டென்ட் கோப்பைச் சேர்ப்பது பெரும்பாலும் பரவாயில்லை, நீக்குவதுதான் வினை. அதிலிருந்து வந்த பொருள்கள் பையிலிருந்தே மறையும், பாதியில் நிற்கும் குவெஸ்ட் அப்படியே நிற்கும். டாம்ரியல் ரீபில்டுக்குப் புதுப் பதிப்பு வந்தால், தீவுக்குத் திரும்பி ஒரு கட்டடத்துக்குள் போய்த் தனி சேவ் எடுத்து, பழைய டாம்ரியல் டேட்டாவின் நகலையும் ஒதுக்கி வைத்த பிறகு புதுப்பியுங்கள்.