அப்பா பக்கத்து வருத்தங்களையும் கேட்டு எழுதுங்கள்

மட்டக்களப்பில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. கல்யாணம் முடித்த ஆண், மனைவி வீட்டோடு போய்விடுவார். அதனால் அம்மாவின் சகோதரிகளில் யாருக்கு என்ன வருத்தம் (நோய்), யார் என்ன குளிசை போடுகிறார்கள் என்பதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அப்பா வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து இந்தக் கரையிலுள்ள ஆரையம்பதிக்கு வந்தவர். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதுவரை வாவியைப் படகில் கடந்து அவருடைய ஆட்களைப் பார்க்கப்போவது வருடத்துக்கு ஒருமுறை. 38 வயதில் எனக்கு வெறும் வயிற்றில் பார்த்த இரத்தச் சீனி 112 (mg/dL) என்று வந்த பிறகுதான், அப்பாவின் சகோதரிகளான இரண்டு மாமிமாருக்கும் பெரியப்பாவுக்கும் நாற்பதுகளிலேயே சீனி வருத்தம் (நீரிழிவு) தொடங்கியது தெரிந்தது.

குடி ஒருவழி, வருத்தம் இருவழியும் வரும். ஆகவே கொப்பித் தாள் ஒன்றின் நடுவே கோடு கிழித்து, அம்மா பக்கம், அப்பா பக்கம் என்று எழுதுங்கள். சீனி, பிறசர், மாரடைப்பு, பக்கவாதம் யாருக்கு வந்தது, முக்கியமாக எந்த வயதில் வந்தது என்று கேளுங்கள். 75இல் வந்ததும் 45இல் வந்ததும் ஒன்றல்ல. பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது சீனி கூடி, பெற்றதும் சரியாகிவிட்ட அக்காமாரையும் விடாதீர்கள். அவர்களுக்குப் பின்னாளில் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு கூட. போனில் கேட்டால் மழுப்புவார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு எல்லோரும் ஊரில் கூடும்போது, பக்கத்தில் இருந்து கேட்டால் சொல்வார்கள்.

“பரம்பரை வருத்தம், என்ன செய்தாலும் வரும்தானே” என்று என் தங்கச்சி சொன்னாள். அது சரியில்லை. 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், சீனி கூடியும் இன்னும் சீனி வருத்தம் ஆகாமல் எல்லையில் இருந்த 3,234 பேரைக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். எடையில் 7 வீதம் குறைக்கவும் வாரம் 150 நிமிடம் நடக்கவும் முயன்றவர்களுக்குச் சீனி வருத்தம் வருவது 58 வீதம் குறைந்தது. சீனிக்குக் கொடுக்கும் மெட்போமின் குளிசை போட்டவர்களுக்கு 31 வீதம். ஆபத்தைக் கூட்டும் மரபணு உள்ளவர்களுக்கும் இந்தப் பலன் கிடைத்தது. (எல்லாப் பரம்பரை வருத்தமும் இப்படியல்ல. தலசீமியா என்னும் பரம்பரை இரத்த வருத்தத்தைச் சாப்பாட்டால் தடுக்க முடியாது.)

சரி, சாப்பாடு. நெல் விளையும் ஊரில் சோற்றை விடு என்று நான் சொல்லமாட்டேன். தட்டில் பாதிக்கு முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, கத்தரிக்காய் என்று மரக்கறி வையுங்கள். கால்வாசிக்கு மீன் அல்லது பருப்பு. மீதிக் கால்வாசிதான் சோறு. தவிடு நீக்காத சிவப்பரிசி நல்லதுதான்; சிவப்புத்தானே என்று மலைபோல் போட்டால் அந்த நன்மை போய்விடும். பிட்டுக்கு வாழைப்பழமும் சீனியும் வேண்டாம், அவித்த கடலையோ மீன் குழம்போ போதும். எருமைத் தயிரைப் பாணி விடாமல் சாப்பிடப் பழகுங்கள். எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

தேத்தண்ணியைத்தான் யாரும் கணக்கெடுப்பதில்லை. நான் ஒரு நாளைக்கு நாலு கோப்பை குடித்தேன், கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. பன்னிரண்டு கரண்டி, கிட்டத்தட்ட 50 கிராம்! ஒவ்வொரு வாரமும் அரைக்கரண்டி குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் மூன்றாம் நாளே திரும்பிப் போயிருப்பேன்.

நடப்பதற்குக் கல்லடிக் கடற்கரைக்குப் போகவேண்டும் என்றில்லை. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்கையில் கால்மணி நேரம் நடந்தாலே சீனி ஏறுவது தணியும். இடுப்பு அளவையும் பாருங்கள்: தெற்காசியரான எங்கள் ஆட்களில் பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. வெறும் வயிற்றுச் சீனி 100க்கும் 125க்கும் இடையில் என்றால் நீங்களும் எல்லையில்தான். 126 அல்லது அதற்கு மேல் என்றால் டொக்டரிடம் போங்கள். ஏற்கெனவே குளிசை போடுபவர் சீனியைக் குறைக்கும் என்று குறிஞ்சா இலைக் கஞ்சியை நம்பி, குளிசையை நிறுத்தவே கூடாது. என் பெரியப்பா நிறுத்தினார், கால் விரல் போனது.

என் தாளில் அப்பம்மாவின் இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இந்த வைகாசியில் பெரிய மாமியிடம் கேட்கவேண்டும்.