கார்க் கண்ணாடியைத் துடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாகனப் பராமரிப்புக் கடையில் புதிதாகச் சேரும் பையன்கள், இத்தொழிலில் உள்ள நாங்கள் எல்லோரும் தொடக்கத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். எண்ணெய் பட்ட துணி ஆகாது என்பது போன்றவற்றைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

காய்ந்த புழுதியைத் துணியால் துடைப்பது

இன்றும் பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கோபம் வரும் தவறு இதுதான். சாலைப் புழுதியில் மணல் கலந்திருக்கிறது. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸ் 7 என்றால், கண்ணாடி ஏறத்தாழ 5.5தான். ஆகவே துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும், அது மணலைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியின் மேல் அரைத்துக்கொண்டே போகிறது.

எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் முன்கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பரவுகிறது என்று ஒருவர் வந்தார். கறை என்று நினைத்து எங்கள் பையன் வெகுநேரம் தேய்த்துப் பார்த்தான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் விஷயம் தெரிந்தது: ஓட்டுநர் பக்கத்தில் மட்டும், ஒரு கை எட்டும் தூரம் வரை, வில்லாக வளைந்த மெல்லிய கீறல்கள். குடியிருப்பில் தினமும் வண்டி துடைப்பவர், அந்தப் பக்கம் நின்றபடியே உலர்ந்த துணியால் துடைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வாளித் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

நகத்தால் வருடினால் தட்டாத கீறலை சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத்தூள் கொண்டு மெருகேற்றிக் குறைக்கலாம். நகம் தட்டுகிற கீறலை அப்படிப் போக்க முயன்றால் அந்த இடம் குழிந்து, கண்ணாடி வழியே பார்க்கும் சாலை நெளிந்து தெரியும். அவர் கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று.

முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியை வழிந்தோட விடுங்கள். பிறகு ஷாம்பு கலந்த நீரில் நனைத்த துணியால், அழுத்தாமல், மேலிருந்து கீழாகத் துடையுங்கள். தண்ணீர் பீய்ச்சாமல் வைப்பரை ஓடவிடுவதும் இதே தவறுதான்.

போர்த் தண்ணீரை வெயிலில் காயவிடுவது

தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அதிலுள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். நிழலில் கழுவி உடனே ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால், வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து நனைத்த துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் வைத்திருந்து, பிறகு நன்றாக அலசுங்கள்.

உள்ளேயும் வெளியேயும் ஒரே திசையில் துடைப்பது

கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் இரு பக்கமும் மாறி மாறித் துடைப்பவர்களைப் பார்க்கிறேன். கடைசியாக உலரத் துடைக்கும்போது உள்ளே மேலும் கீழுமாகவும் வெளியே இடவலமாகவும் துடைத்தால், எஞ்சிய கோட்டின் திசையே பக்கத்தைக் காட்டிவிடும். உட்புறத்தில் மங்கலாகப் படிவது பெரும்பாலும் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வெப்பத்தில் ஆவியாகும் பொருள். அதை எடுக்க ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று என இரண்டு வேண்டும்.

மைக்ரோஃபைபர் துணியை, துணிகளை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தில் அலசுவது

கூடாது. அப்படி அலசினால் துணி நீரைச் சரியாக உறிஞ்சாது.

பின்கண்ணாடியின் சூடேற்றும் கோடுகளைச் சுரண்டுவது

கோட்டின் போக்கிலேயே, விரல் அழுத்தாமல் துடையுங்கள்.

கதவுக் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு ரப்பரை மறப்பது

செங்குத்தாக நேர்க்கோட்டில் விழும் கீறல்களுக்குப் பெரும்பாலும் பீடிங் ரப்பரில், அதாவது கண்ணாடி இறங்கும் இடுக்கின் ஓர ரப்பர் பட்டையில், சிக்கிய மணலே காரணம். கண்ணாடியை ஏற்றி இறக்குவதற்கு முன் ரப்பரின் விளிம்பை ஈரமான மெல்லிய பிரஷால் துடைத்துவிட்டு, அதன் பிறகே கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி, மேல் விளிம்பில் கருப்பாகத் தேங்கியிருக்கும் அழுக்கை எடுங்கள்.