சின்ன ஊரில் எட்டு மணி நேர லே-ஓவர்: எப்படிக் கழிப்பது?

டிக்கெட்டில் 8 மணி நேர லே-ஓவர், அதாவது அடுத்த விமானத்துக்காக இடையில் ஓர் ஊரில் காத்திருக்கும் நேரம், என்று இருந்தால் ஊர் சுற்ற 8 மணி நேரம் கையில் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும். காலை 10 மணிக்கு இறங்கி மாலை 6 மணிக்கு அடுத்த விமானம், அதுவும் வெளிநாட்டுப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் தாண்டி வெளியே வர 11 ஆகும். ஊருக்குள் போக 20 நிமிடம். திரும்பி 3.30-க்கு விமான நிலைய வாசலில் நிற்க வேண்டும். வண்டி தாமதம், வழியில் நெரிசல் என்று அரை மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கினால் ஊரிலிருந்து 2.40-க்குக் கிளம்பியாக வேண்டும். ஆக, ஊருக்குள் இருக்கப்போவது 11.20 முதல் 2.40 வரை, 3 மணி 20 நிமிடம்தான். இதே கணக்கில் 5 மணி நேர லே-ஓவரில் மிஞ்சுவது வெறும் 20 நிமிடம். அதற்கு வெளியே போகாமல் உள்ளேயே காலை நீட்டி உட்கார்வது மேல். உள்நாட்டு விமானம் என்றால் வெளியே வரும்போதும் திரும்பும்போதும் மிச்சமாவதைச் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

வெளியே போக முடியுமா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். வெளிநாடு என்றால் விசா வேண்டுமா, வேண்டாமா என்பது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. டிரான்சிட்டுக்கு, அதாவது நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதற்கு, விசா வேண்டாம் என்று சொல்லும் நாடுகளில்கூட, நிலையத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றால் கதை வேறு. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே அனுமதி வேண்டும். அங்கே முதலில் இறங்கும் இடத்திலேயே பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கவும் பெரும்பாலும் வேண்டியிருக்கும்.

பெட்டி எங்கே போகிறது என்பதைக் கவுண்டரில் கேட்டால் மட்டும் போதாது, ஒட்டும் டேக்கைக் கண்ணால் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு நீங்கள் போய்ச் சேரும் ஊருடையதாக இருந்தால் பெட்டி பெரும்பாலும் நேராகப் போய்விடும். இடையில் இறங்கும் ஊரின் குறியீடு இருந்தால் பெட்டி உங்கள் பொறுப்பு. இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் பெரும்பாலும் இந்த நிலைமைதான். அப்போது முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது விமான நிறுவனத்துக்கு அது பொருட்டில்லை. 'வரவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

சின்ன நிலையங்களில் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெட்டியை உடனே கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால், செக்-இன் கவுண்டரைத் திறப்பதே விமானம் கிளம்ப இரண்டு மூன்று மணி நேரம் முன்புதான். பெட்டியை வைத்துவிட்டுப் போக லாக்கரும் பல இடங்களில் இருக்காது. நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹோட்டலுக்கு முன்கூட்டியே போன் செய்து, சில மணி நேரத்துக்கு அறை கிடைக்குமா என்று கேளுங்கள். குளியல், தூக்கம், பெட்டிக்குப் பாதுகாப்பு மூன்றும் அதில் முடிந்துவிடும். இரவு லே-ஓவர் என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள்: கடைசி விமானம் போனதும் டெர்மினலையே பூட்டிவிடும் ஊர்கள் உண்டு.

இனி வண்டி. சின்ன ஊரில் போவது சுலபம், திரும்புவதுதான் சிரமம். விமானம் இறங்கும் நேரத்தில் வாசலில் டாக்ஸிகள் வரிசையாக நிற்கும்; அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. ஆப்பில் வண்டி தேடினால் திரை சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி கிடைக்காது. அதனால் போகும் வண்டியையே திரும்பி வரவும் பேசிக்கொள்ளுங்கள். காத்திருப்புக்கும் சேர்த்து மொத்தத் தொகையைப் பேசி, திரும்ப நிலையத்தில் இறங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். டிரைவரின் எண்ணை வாங்கியதும் அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபாருங்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். 2.40-க்குக் கிளம்ப வேண்டும் என்றால் அவரிடம் 2.15 என்று சொல்வதில் தவறில்லை.

மூன்று மணி நேரத்தில் மூன்று இடம் என்று ஓடாதீர்கள். ஒரு இடம், ஒரு நல்ல சாப்பாடு, கொஞ்ச தூரம் நடை, அவ்வளவுதான் அடங்கும். பல நாடுகளில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சின்ன ஊர்களில் மதியம் கடையடைத்துவிட்டுச் சாயங்காலம் திறப்பதும் வழக்கம். மதியம் மாட்டினால் சந்தை, ஆற்றங்கரை, பூங்கா போன்ற பூட்டில்லாத இடங்களே நல்லது.

ஊரில் ஏதாவது வாங்கும்போது பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஏற்கெனவே நேராகப் போய்விட்டதென்றால் வாங்கியதெல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும். பெரும்பாலான நிலையங்களில் 100 மில்லிக்கு மேலான திரவத்தைச் செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள். தேன், ஜாம், எண்ணெய் ஊறிய ஊறுகாய் எல்லாம் அவர்கள் கணக்கில் திரவம்தான். முந்தைய நிலையத்தில் வாங்கிய டூட்டி-ஃப்ரீ பாட்டிலுக்கும் இதே ஆபத்து உண்டு: சீல் வைத்த பையில் இருந்தாலும், வெளியே போய் மறுபடி உள்ளே நுழையும்போது அதை அனுமதிக்க மறுக்கலாம். காலித் தண்ணீர் பாட்டிலுக்குத் தடையில்லை. உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

ஊரின் வரைபடத்தைக் கிளம்பும் முன்பே போனில் இறக்கி வையுங்கள். நிலைய வைஃபை பல இடங்களில் ஓடிபி கேட்கும். ரோமிங் இல்லாத சிம்முக்கு அந்த ஓடிபி வராது. பவர் பேங்கைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். 100 வாட்-அவர் (பேட்டரியில் சேமிக்கக்கூடிய மின்சாரத்தின் அளவு) வரை பொதுவாக அனுமதி உண்டு. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-அவர்தான்.

தூங்குவதாக இருந்தால் அலாரத்தை நம்பும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். ஃப்ளைட் மோடிலேயே கிடக்கும் போன் கிளம்பிய ஊரின் நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். டிக்கெட்டில் அச்சாகியிருப்பதோ அந்தந்த ஊரின் நேரம். சுவர்க் கடிகாரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று மெசேஜ் வந்தால் ஊரிலேயே இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று தோன்றும். இருக்காதீர்கள். சின்ன நிலையத்துக்கு விமானம் வேறோர் ஊரிலிருந்து வந்து, ஆளை இறக்கிவிட்டு உடனே திரும்பும். ஃப்ளைட் டிராக்கர் ஆப்பில் அந்த வரும் விமானத்தைத் தேடுங்கள். அது இன்னும் அங்கிருந்தே கிளம்பவில்லை என்றால்தான் தாமதம் உறுதி. கிளம்பிவிட்டது என்றால் புதிய நேரத்தை மறுபடி முன்னுக்கு இழுக்க வாய்ப்புண்டு. எப்படியிருந்தாலும் பழைய நேரப்படியே கவுண்டருக்குப் போய்ப் பெட்டியைக் கொடுத்து போர்டிங் பாஸை வாங்கிவிடுங்கள். தவறவிட்டால், சின்ன ஊரிலிருந்து அடுத்த விமானம் பெரும்பாலும் மறுநாள்தான் இருக்கும்.